சிப்பி திரும்பப் பார்க்கிறது

ஏர்வாடிப் பரோட்டாக் கடைகளின் பழைய எண்ணெய்
மண்டபத்தில் படகுக்கு டீசலாகிறது.
அடியில் தங்குவது எனக்கு.
நீலப் பீப்பாய், பழுப்புக் கிளிசரால்.
இனிப்புதான், ஆனாலும் எறும்பு வருவதில்லை,
மெத்தனால் இன்னும் முழுசாய்ப் போகவில்லை.

“ஓடையில ஊத்திரவா டீச்சர்?” என்றார் சீனி உமர்,
பீப்பாய்க்கு இடவாடகை கணக்குப் போட்டபடி.
நான் டீச்சர் இல்லை.
ஓர் உலை, இரண்டு குடுவை,
மார்ச்சோடு முடிகிற நிதி.

அதற்கு மூன்று கை.
மூன்றும் காற்றிடம் தண்ணீர் கேட்கும்.
இரண்டை மட்டும் வளைத்து வளையமாகக் கட்டிவிட்டால்
ஒன்று சும்மா இருக்கும்.
அந்த ஒரு கையில் எதையாவது கொடுக்கலாம்:
பசை, மெத்தைப் பஞ்சு,
யாருக்கோ என்றோ ஒரு மாத்திரை.
மாத்திரை ஆகும் என்று அறிக்கையில் எழுதிவிட்டு
ராத்திரி எழுந்து
‘ஆகக்கூடும்’ என்று திருத்தினேன்.

வளைக்கப் பெரிய விஷம் எதுவும் வேண்டாம்.
தெற்குவாடிக் கரையில் சூசையம்மாள் கூட்டி ஒதுக்கும்
மட்டிச் சிப்பி போதும்.
தொள்ளாயிரம் டிகிரி, நான்கு மணி நேரம்,
ஓடு வெள்ளைப் பொடியாகும்.
கரண்ட் இருந்தால்.

செவ்வாய்க்கிழமை தொண்ணூற்றொரு சதவீதம் மாறியது.
புதன் எண்பத்தாறு.
வெள்ளி முப்பத்தெட்டு.
குடுவையைச் சந்தேகித்தேன், தராசை,
ஒரு நாளும் பாட்டில் கழுவ மறக்காத முனியசாமியைக்கூட.
அவன் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு தடவை கழுவினான்.

வெளியே கச்சான் வீசிக்கொண்டிருந்தது.
ஜன்னல் கொக்கி உப்பில் துருவேறி
ஆறு மாதமாய் மூடுவதில்லை.
பொடியில் ஒரு சிட்டிகை எடுத்து
ஒரு சொட்டு அமிலம் விட்டேன்.
நுரைத்தது.

ராத்திரி முழுக்கக் காற்றிலிருந்து
ஈரத்தையும் கரியமில வாயுவையும்
கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி
சிப்பி திரும்பச் சிப்பியாகப் பார்த்திருக்கிறது.
உள்ளே சதை இல்லை,
சுற்றிலும் கடல் இல்லை,
தொள்ளாயிரம் டிகிரி பார்த்த பிறகும்.

கொஞ்ச நேரம் எனக்குக் கோபமே வரவில்லை.

பிறகு அதையே மறுபடி உலையில் வைத்தேன்.
மீன்பெட்டித் தெர்மாகோலை உடைத்து
ஜன்னல் இடுக்கில் செருகினான் முனியசாமி,
வேண்டியதைவிடக் கொஞ்சம் பலமாக.

பீப்பாய் இப்போது பதினொன்று.
போனில் சீனி உமர்:
“அந்த மருந்துச் சாமான்
லிட்டர் என்ன வெலைக்குப் போகும் டீச்சர்?”

உலையின் சிவப்பு எண்
அறுநூற்றுப் பன்னிரண்டில் அணைந்தது.

“கரண்ட் வரட்டும்” என்றேன்.