பாதியைத் தாண்டும் முள்

பைபாஸில் ஒரு தொந்தரவும் இல்லை.
தொப்பூர் ஏற்றத்தில் லாரிகளே இழுத்து இழுத்து மூச்சு விட
எங்கள் பழைய வண்டியின் முள்
பாதியில் நின்றபடி வேடிக்கை பார்த்தது.

ஐந்து ரோட்டில்தான்.
பாலத்துக்கு அடியில், மாலை ஆறரைக்கு,
முன்னால் டவுன் பஸ்,
பின்னால் ஆரன் அடித்தே பிழைக்கும் ஒருவர்,
நகர்ந்தால் ஒரு முழம், நின்றால் மூன்று நிமிடம்.
முள் எழுந்திருக்கும்,
யாரோ பெரியவர் உள்ளே வந்துவிட்டதுபோல.

குரங்குச்சாவடியில் ரேடியேட்டர் மூடியை மாற்றினார்கள்.
சூரமங்கலத்துக்காரர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக்
கொதிக்கும் நீரில் போட்டுக் காட்டினார்:
திறந்தது, அழகாகவே திறந்தது,
இருந்தாலும் புதியது ஒன்று.
நன்றாக இருந்த வாட்டர் பம்ப்பும் போனது,
ஒரு மாதச் சீட்டுப் பணத்தோடு.
ஹெட் கேஸ்கெட்டா இருக்கும் என்றார் இன்னொருவர்,
ஆஸ்பத்திரி வராந்தாவில் சொல்லும் குரலில்.

அதுவரைக்கும்
ஏசியை அணைத்துவிடுங்கள், ஹீட்டரைப் போடுங்கள்.

சேலம். சித்திரைக் கடைசி. ஹீட்டர்.
தமயந்தி கைப்பையைத் துழாவி
கரண்ட் பில் அட்டையை எடுத்து விசிறிக்கொண்டாள்.
கண்ணாடியை இறக்கினால் பஸ்ஸின் புகை,
ஏற்றினால் நாங்களே இட்லி.
"ஏசி ஓடினப்ப முள்ளு இவ்ளோ ஏறலைங்க"
என்றாள் ஒருநாள், ரோட்டைப் பார்த்தபடி.
உனக்கென்ன தெரியும் என்று நான் கேட்கவில்லை.
அவள் சொன்னதையும் கேட்கவில்லை.

லீ பஜார் சந்தில் சென்றாயன்,
ஆட்டோ எலக்ட்ரீஷியன்,
ஒரு ஸ்பேனரையும் தொடவில்லை.
வண்டியை ஓடவிட்டு
பானட்டைத் தூக்கி வைத்துவிட்டு
எதிர்க்கடையில் டீ சொன்னான்.
டீ முடிந்தது. முள் முக்காலுக்கு வந்தது.
ரேடியேட்டர் ஃபேன்
போட்டோவுக்கு நிற்பதுபோல நின்றது.

"இப்ப ஏசி போடுங்க."

எங்கோ டக்கென்று ஒரு ரிலே.
இறக்கைகள் ஒன்றாகிக் கலங்கின,
காய்ந்த வேப்பிலை இரண்டும் ஒரு செத்த தும்பியும்
என் சட்டையில் வந்து விழுந்தன.
முள் இறங்கத் தொடங்கியது.

"மோட்டார் நல்லாருக்கு, ஃபியூஸ் நல்லாருக்கு.
ஏசி கூப்ட்டா வருது. சூடு கூப்ட்டா வரல.
ஸ்பீடா போனா காத்தே வேலய பாத்துக்குது,
நின்னா ஃபேன் வேணும்ல?"
ரேடியேட்டரின் அடியில் கைவிட்டு
ஒரு ஸ்விட்சின் ப்ளக்கை உருவினான்.
முள்ளுக்கு வேற சென்சார், ஃபேனுக்கு இது.
உள்ளே ஒரு பின்,
மூக்குத்தித் திருகாணி அளவு,
பச்சை பூத்து, பாதி அரித்து.

எஞ்சினைக் காப்பாற்ற என்று
ஐந்து ரோட்டில் ஒவ்வொரு மாலையும்
நான் அணைத்துக்கொண்டிருந்தது
அந்த ஃபேனைக் கூப்பிட மீதமிருந்த ஒரே குரலை.

"இத முன்னாடியே யாரும் கவனிக்கலீங்களா?"
சென்றாயன் கேட்டது என்னை.
தமயந்தி கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

ஸ்விட்ச், ப்ளக், கூலி, எல்லாம் சேர்த்து எண்ணூற்றைம்பது.

ஞாயிற்றுக்கிழமை சோதிக்கப் போனோம்.
வேண்டுமென்றபோது நெரிசல் இல்லை;
நான்கு பக்கமும் பச்சை விழுந்ததுபோல்
ஐந்து ரோடு காலியாகக் கிடந்தது.
இரண்டு சுற்று வந்தும் ஒருவரும் வழிமறிக்கவில்லை.
கடைசியில் ஒரு தட்டுவடை வண்டியோரம் நிறுத்தி
எஞ்சினை ஓடவிட்டு
ஏசி போடாமல் உட்கார்ந்தோம்,
காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்கும் இரண்டு பேர்.

பாதி.
பாதிக்குக் கொஞ்சம் மேல்.
நான் சாவியில் கை வைத்தேன்.
"இருங்க" என்றாள்.

முன்னால், தகரத்துக்குப் பின்னால்,
அது தானாக எழுந்து சுற்றியது.

நான் அவளைப் பார்த்தேன்.
செட்டில் பீட்ரூட் கம்மி, கேட்டு வாங்குங்க
என்று காகிதத் தட்டை நீட்டினாள்.
இறங்கிப்போய்க் கேட்டேன்.