மேலேறும் வண்டிக்கு வழி

மாதத் தவணை ஆயிரத்து நூறு.
அட்டைப்பெட்டியைப் பிரிக்கும்போதே சொல்லிவிட்டேன்:
இது யாருடையதும் இல்லை,
கிரைண்டர் மாதிரி, வீட்டுக்குப் பொது.

"கிரைண்டரை யாரும் தலையணைக்கடியில
ஒளிச்சு வைக்கிறதில்லையே" என்றார் மாதேஸ்.

கன்னங்குறிச்சியில் எங்கள் தெருவுக்கு
ஞாயிறென்றால் தண்ணீர் வரும் நாள்.
குடங்களை ஏற்றிவைத்து முடிந்ததும்
செயலிகளை ஒவ்வொன்றாய்
இறக்கிப் பார்த்தோம்.

கணக்குச் சொல்லித்தரும் ஆந்தை ஒன்று.
தப்பாய்த் தட்டினால்
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறது.
அதைப் பார்க்கவே தப்பாய்த் தட்டினான் இனியன்
ஏழு முறை.

வரவு செலவுச் செயலி, அது எனக்கு.
அது தந்த பிரிவுகளில்
மொய்யை எதில் எழுத?
"பொழுதுபோக்கு" என்றாள் செம்மலர்.
நாத்தனார் வீட்டுக் காதுகுத்து எட்டாயிரம்
பொழுதுபோக்கில் போய் விழுந்தது.
மாதக் கடைசியில் சிவப்பு வட்டம் போட்டு
கேளிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றது என்னிடம்.

கடவு எண் வைத்தேன்.
இரண்டே நாள்.
கேஸ் புத்தகத்தின் கடைசி நாலு எண் என்று
சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்.

நால்வர் ஆடும் பந்து விளையாட்டு:
பாயின் நடுவே கருவி, மூலைக்கொரு கட்டைவிரல்.
பந்து என் பக்கம் வர
எனக்கும் அவருக்கும் தலை முட்டியது.
ஒருமுறை முட்டினால் கொம்பு முளைக்கும் என்று
பிள்ளைகள் பிடித்து மறுபடி முட்டவைத்தார்கள்.
அதற்குள் யாரோ கோல் போட்டிருந்தார்கள்.

இடம் போதவில்லை என்றது கருவி.
ஆந்தையைத் தூக்கலாம் என்றதும் அழுகை.
என் எட்டாயிரமும் சிவப்பு வட்டமும்
ஒரே தட்டில் போயின.

அந்த இடத்தில்தான் வந்து நின்றது
மலைப்பாதைப் பேருந்து.
எந்த நாட்டு மலையோ, ஓரமெல்லாம் பனி.
"அப்பாவுக்கு இது சப்பை" என்றான் இனியன்.
கோரிமேடு தாண்டி அடிவாரம்,
அடிவாரம் தாண்டி இருபது கொண்டை ஊசி,
தினம் மூன்று நடை ஏற்காட்டுக்கு
பதினோரு வருஷமாய் ஓட்டுகிற கை.

மூன்றாவது வளைவில் கவிழ்ந்தார்.

"கிளட்ச் எங்கடா?"
இடது காலால் பாயை அழுத்தி அழுத்திப் பார்த்தார்.
மறுபடி ஏறினார், உச்சி தொட்டார்.
இறங்கும்போது எதிரே
பாரம் ஏற்றிய லாரி.
நிறுத்தினார்.
"போங்கப்பா, போங்க, நேரம் ஓடுது!"
"ஏறுறவன் நின்னுட்டா
திரும்பக் கிளப்புறது கஷ்டம்டா."
ஒதுங்கி நின்ற ஒவ்வொரு நொடிக்கும்
திரையோரத்தில் பத்துப் பத்தாய்க் குறைந்தது.
அடுத்த வளைவிலும் நின்றார்.
அதற்கடுத்ததிலும்.

பூஜ்யம்.

ஆட்டம் பிடித்திருந்தால் நட்சத்திரம் தரச் சொன்னது.
செம்மலர் விரலை நீட்டிக் காத்திருக்க
யோசித்துத்தான் சொன்னார்:
"போறப்ப அந்த லாரிக்காரன்
ஒரு கை தூக்கியிருக்கலாம்.
ரெண்டு போடு."

ராத்திரி மூன்று பேரும் தூங்கிப்போனார்கள்.
ஐந்தே காலுக்கு முதல் நடை அவருக்கு.
போர்வைக்குள் இடது கால்
எதையோ மிதித்து விட்டது.
சார்ஜ் போடத்தான் எடுத்தேன்.
ஒன்பது சதவீதம்.

கல்யாணமான பதிமூன்று வருஷத்தில்
அவர் ஓட்டும் வண்டியில் எத்தனையோ தடவை
ஏறியிருக்கிறேன்,
ஜன்னலோரம், கையில் எலுமிச்சம்பழம்,
கண்ணை இறுக மூடிக்கொண்டு.
முன்கண்ணாடியில் ரோடு எப்படி முடிந்துபோய்
அப்புறம் பக்கவாட்டில் திரும்பக் கிடைக்கிறது என்று
பார்த்ததே இல்லை.

சத்தத்தைக் குறைத்து
உச்சியிலிருந்து இறக்கினேன்.
முதல் வளைவில் சுவர் உரசியது.
ஐயோ மன்னிச்சுக்கோ என்றேன், யாரிடமோ.
ஆறாவதில் எதிரே
இரண்டு விளக்கு.

ஒதுக்கி நிறுத்தினேன்.
பத்து, இருபது, முப்பது என்று குறையக் குறைய
மூச்சிரைத்தபடி அது என்னைக் கடந்து ஏறியது.
பேட்டரி நான்கு.

கையை நான் தூக்கினேன்.