ஒரு சுழி குறைவு

ஏற்காட்டு மலைச்சாலை, பதினோராவது கொண்டை ஊசி வளைவு.
போன வாரம் நட்ட பலகை,
பெயிண்டு வாசம் இன்னும் போகவில்லை:
‘மலையைப் பேனுவோம்.’

யாரோ படம் பிடித்து அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார்கள்,
‘மலைக்குத் தலை அரிக்கிறதா?’ என்று கீழே ஒரு கேள்வியோடு.
பிழையை நேரில் பார்த்து எழுதி வரச் சொல்லி
சேலத்திலிருந்து என்னை ஏற்றிவிட்டார்கள்.

சவரியப்பன் ஏணியோடு காத்திருந்தார்.
“தகரம் பத்தல மேடம்.
மூணு சுழி போட்டா கடைசி எழுத்து விழுந்துரும்.”
தூரிகையைத் துடைத்தபடி,
“ஆமா, பேணுறதுன்னா என்னங்க?”

வாயெடுத்தேன், வரவில்லை.
காப்பது என்றால் லத்தியோடு ஒருவர் வந்து நிற்கிறார்.
போற்றுவது என்றால் மாலை, மைக் செட்.
மதிப்பதா? அதைச் செவ்வாய்ப்பேட்டை அடகுக்கடையிலும் செய்வார்கள்,
உரசிப் பார்த்து, கழிவு போக.

எங்கள் வீட்டில் இந்தச் சொல்லை
ஒருவரும் பேசிக் கேட்டதில்லை.
ஆஸ்பத்திரிச் சுவரில் இருக்கிறது.
நூலகத்தில், அமைதிக்குப் பக்கத்தில்.
பேணினேன் என்று யார் சொல்லியிருக்கிறார்கள்?
எப்போதும் பேணுவோம்தான்:
எல்லாரும் சேர்ந்து,
நாளைக்கு.

கைப்பிடிச் சுவரில்
ஒரு குரங்கு குப்புறக் கிடந்தது.
இன்னொன்று அதன் முதுகு மயிரை
வகிடு வகிடாகப் பிரித்து
எதையோ எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தது.
பேருந்து ஆரன் அடித்துத் திரும்பியது.
சன்னலிலிருந்து சிப்ஸ் பொட்டலம் விழுந்தது, பாதி நிரம்பியது.
இரண்டும் அசையவில்லை.

சவரியப்பன் குரங்குகளைக் காட்டினார், பிறகு பலகையை.
“சரியாத்தான் எழுதியிருக்கேன் போல.”

நேற்று ராத்திரி அம்மாப்பேட்டையில்
டியூப்லைட்டுக்குக் கீழே
நிறைமொழியின் தலை என் மடியில்.
பள்ளி திறந்து பத்து நாள், அதற்குள் ஈறு.
போன் இரண்டு முறை அடித்து ஓய்ந்தது.
“என்னம்மா பண்றே?”
“பாக்கறேன், ஆடாம இரு.”

பார்க்கிறது.
அவ்வளவுதான் நாங்கள் சொல்வது.
பேன் பார்ப்பதற்கும்
பிரசவம் பார்ப்பதற்கும்
காய்ச்சல் தலைமாட்டில் விடிய விடிய உட்கார்ந்திருப்பதற்கும்.

இதை அவரிடம் சொல்லவில்லை.
“மூணு சுழி போட்டுருங்க” என்றேன்.
போட்டார்.
சொன்னபடியே கடைசி எழுத்து விழுந்தது.
‘மலையைப் பேணுவோ’
அதற்குமேல் தகரமில்லை.

பிழை திருத்தப்பட்டது என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
அஸ்தம்பட்டியில் வண்டியை ஓரங்கட்டி
பல் நெருக்கமான சீப்பு ஒன்று வாங்கினேன்,
நாற்பது ரூபாய்.