பார்ப்பது மட்டும்

விளம்பரத்தை நான்தான் எழுதினேன்.
மலாயில் ‘பெமெர்ஹாத்தி’,
ஒரே சொல்லில் முடிந்தது.
தமிழில் ‘கவனிப்பாளர்’ என்று போட்டு
அடித்தேன்.
கவனிப்பது என்றால் சோறும் ஊட்டவேண்டி வரும்.
‘பார்வையாளர்’ என்று போட்டேன்.
அவர்களுக்கு மாலை ஐந்திலிருந்து ஏழுவரைதான் அனுமதி.
கடைசியில்
‘ஆள் தேவை. இரவு. உட்கார்ந்த வேலை’ என்று
பாஹாவ் மார்க்கெட் தூணில் ஒட்டினோம்.

நான்கு பேர் வந்தார்கள்.
ஒருவர் பழைய ஜாகா,
செம்பனை ஆலை வாசலில் பத்து வருடம் விழித்திருந்தவர்.
பேட்டி முடிவதற்குள் தூங்கிவிட்டார்.
ஒரு பையன் போன் வைத்துக்கொள்ளலாமா என்றான்.
ஒரு அக்கா, ஒட்டுமா, அது ஒட்டுமா என்று
மூன்று முறை கேட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

நான்காவது தமயந்தி.
அனுபவம் என்ற கட்டத்தில்
‘கைகள்’ என்று எழுதியிருந்தாள்.
செனவாங்கில் கையுறை ஆலை, எட்டு வருஷம், ராத்திரி ஷிப்ட்.
“பீங்கான் கை வரிசையா வரும் மிஸ்,
பால்ல முங்கி முங்கி வரும்.
ஊசிமுனை ஓட்டை இருந்தா நான் சொல்லணும்.”
நிமிஷத்துக்கு எத்தனை கை?
“எண்ணக்கூடாது மிஸ்.
எண்ணுனா ஓட்டை தெரியாது.”

விதிகளை வாசித்தேன்.
நாற்காலி கட்டிலிலிருந்து மூன்றடி.
பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுத வேண்டும்.
தொடக்கூடாது. தொட்டால் இன்சூரன்ஸ் வேறு.
எழுந்தாலோ எதையாவது பிடுங்கினாலோ மணியை அழுத்து,
மிஸ்ஸி வருவார்.
“பாத்துக்கணுமா, பாக்கணுமா?”
பார்க்க மட்டும் என்றேன்.
இரவுக்கு எண்பது வெள்ளி, சொக்சோ உண்டு.
சம்பளம் காவல் கணக்கில் வருவதால்
முதுகில் ‘செக்யூரிட்டி’ என்றிருக்கும் சட்டை,
அவளுக்கு இரண்டு அளவு பெரியது.
வலக்கையால் அழுத்திக் கையெழுத்துப் போட்டாள்.
அடியில் இருந்த தாளிலும் அவள் பெயர் பதிந்தது.

ஏழாம் எண் அறை. பாக் மிஸ்பா.
முப்பது வருடம் தோட்டத்து பஸ்ஸில் கண்டக்டர்.
காய்ச்சல் ஏறினால் அறையே பஸ்.
மிஸ்ஸியிடம் டிக்கெட் காசு கேட்பார்.
நிறுத்தம் வந்ததும்
தலைக்கு மேலே ஓடும் மணிக்கயிற்றை எட்டி இழுப்பார்.
கயிறு இல்லை, கையில் ஏறும் டிரிப்.
இரண்டு இரவில் ஐந்து முறை பஸ் நின்றது.
சலவைக்குப் போன விரிப்புகளை எண்ணிவிட்டுத்தான்
நிர்வாகம் ஆள் எடுக்கச் சொன்னது.

காலையில் அவள் தாள் என் மேசைக்கு வந்தது.
12.00 தூக்கம்.
12.15 தூக்கம். வாய் திறந்து.
1.30 விழிப்பு. தமிழில் கேட்டார், எங்க ஏறுன?
1.45 நாலாங்கட்டை என்றேன். அறுபது காசு என்றார். கடன் சொன்னேன்.
2.00 கயிற்றைத் தேடுகிறார்.
2.05 மணி அழுத்தினேன்.
2.07 மணி அழுத்தினேன்.
2.08 மணி அழுத்தினேன்.
2.15 கை.
2.30 கை.
2.45 கை.
ஐந்தே முக்கால் வரை அந்த ஒரு சொல்தான்,
கோணல்மாணலாக,
கோட்டுக்கு மேலேயும் கீழேயும் தள்ளாடி,
நாலு மணிக்குக் கட்டத்தை விட்டே வெளியே போய்.

விதிமீறல்.
காரணம் கேட்டுக் கடிதம் அனுப்ப எனக்கு உத்தரவு.
மூன்று பிரதி எடுத்தேன்.
இரண்டு மாடிக்கு ஒரே மிஸ்ஸி,
அன்றிரவு அவர் எந்த மாடியில் இருந்தார் என்று
யாரும் கேட்கச் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

மறுநாள் பதில் வந்தது,
நோட்டில் கிழித்த தாள், முத்து முத்தான எழுத்து.
காரணம் எதுவும் இல்லை.

‘மிஸ், அன்னிக்கு எழுத்து கோணலா இருந்ததுக்கு
மன்னிக்கவும்.
இடது கையால் எழுதினேன்.’