பிடி

இரவு இரண்டு மணி. லியூப்லியானாவின் மேல்
பனிமூட்டம் ஈரத்துணிபோல் கிடக்கிறது.
நுண்ணோக்கிப் பெட்டிக்குள் முப்பத்தேழு டிகிரி.
இந்த மாடியில் உடம்புச் சூட்டோடு இருப்பது
அதுவும் நானும்தான்.

முதல் படம், என் ரத்தம்.
ஒப்பிட ஆள் கிடைக்காத இரவுகளில்
நானே கையை நீட்டிவிடுவேன்.
ஒரு டி செல் வருகிறது. நாய்க்குட்டி நடை:
முகர்ந்து, விலகி, திரும்பவும் வந்து முகர்ந்து
பச்சைச் சாயமிட்ட இலக்கின்மேல்
தபால்தலைபோல் ஒட்டிக்கொள்கிறது.

அதன் பைகளுக்குள் கிரான்சைம்கள்,
அமிலத்தில் ஊறியபடி, உறையிலிட்ட கத்திகள்.
வைத்திருப்பவரை வெட்டாமலிருக்க
அத்தனை ஏற்பாடு.
இப்போது பைகள் எல்லாம் ஒரே பக்கம் திரள்கின்றன,
படகில் எல்லோரும் ஒரே ஓரத்துக்கு ஓடுவதுபோல.
முதலில் பெர்ஃபோரின் போய்
எதிர்த்தோலில் வட்டவட்டமாய்த் துளையிடுகிறது.
கால்சியம் பாய, திரையில் ஒரு மின்னல்.
அந்த வாசல்வழி நுழைந்த கிரான்சைம்
புரதச் சங்கிலியில் ஆஸ்பார்ட்டேட்டைத் தேடி
அதன் அடுத்த கண்ணியில் நறுக்குகிறது.
கண்டபடி வெட்டும் முரடன் இல்லை அது.
நறுக்கப்பட்டது விழித்தெழுந்து
தானும் நறுக்கப் புறப்படுகிறது.
அடுப்பில் சோளக்கூழ் கொதிப்பதுபோல்
செல் முழுக்கக் குமிழிகள்.

கொன்றது கையை உதறிக்கொண்டு போகிறது.
திரும்பிப் பார்க்கவில்லை.
அடுத்ததை முகர்கிறது.
பதினெட்டு நிமிடம் என்று குறித்துக்கொள்கிறேன்.

இரண்டாம் படம்.
குழாயின்மேல் எண் மட்டும்: நானூற்றுப் பதினேழு.
பெயர் எனக்குத் தெரியக்கூடாது.
தெரியும்.

ஒன்பதாம் எண் பேருந்தை ஓட்டும் ஒட்டிலியா
மூன்று வாரமாய் வேலைக்கு வரவில்லை.
செவ்வாய்க்கிழமை குழந்தைகள் பிரிவின் தாழ்வாரத்தில் பார்த்தேன்,
சீருடைச் சட்டையைக் கழற்றாமலே,
வெளியே பனியில் வண்டியை நிறுத்திவிட்டு வந்தவள்போல்.
மடியில் தின்காரா. பதினான்கு மாதம்.
இறங்காத காய்ச்சல், கல்லாய் வீங்கிய மண்ணீரல்.

தின்காராவின் செல்லும் வருகிறது.
அதே நடை. அதே முகர்தல்.
பைகள் சரியாகத்தான் திரள்கின்றன.
கத்திகள் இருக்கின்றன, எண்ணிப் பார்த்தாயிற்று.
பெர்ஃபோரின்தான் இல்லை.
எழுத்துப்பிழை ஒன்று அப்பாவழி, இன்னொன்று அம்மாவழி.
மின்னல் வரவில்லை.

பதினெட்டு நிமிடம்.
நாற்பது.
காபி எடுத்துவந்தேன், ஆறவிட்டேன்.
தொண்ணூறு.
கொல்ல முடியவில்லை, ஆகவே விட முடியவில்லை.
முடிந்தது என்ற சேதி மறுபக்கத்திலிருந்து வரும்வரை
பிடித்தபடி கத்திக்கொண்டே இருக்கிறது.
அந்தக் கூச்சலில் ஊரே திரள்கிறது:
பெருவிழுங்கிகள் வெறியேறி
சொந்த ரத்தச் செல்களையே எடுத்து வாயில் போடுகின்றன.
காய்ச்சல் என்று நாம் சொல்வது இந்தக் கூச்சலை.

செவ்வாயன்று ஒட்டிலியா என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.
கோட்டைப் பார்த்தாளோ, தினமும் மூன்றாம் நிறுத்தத்தில் ஏறும்
முகத்தைப் பார்த்தாளோ.
"நீங்கள் அங்கேதானே? அவளுடைய செல்கள் எப்படி இருக்கின்றன?"
சொல்ல எனக்கு உரிமையில்லை.
வாய் தானாகத் திறந்தது:
"பிடித்துக்கொண்டிருக்கின்றன."

அவள் முகம் மலர்ந்த விதம்.
"அப்படித்தான் இவள். என் விரலைப் பிடித்தால்
தூக்கத்தில்கூட விடமாட்டாள்."
தூக்கிக் காட்டினாள்.
ஆள்காட்டி விரலைச் சுற்றி ஐந்து விரல்கள்,
நகங்கள் வெளிறும் அளவுக்கு.

நான் திருத்தவில்லை.
வியாழக்கிழமை மஜ்ஜை வருகிறதாம்,
எந்த நாட்டிலிருந்தோ, முகம் தெரியாத ஒருவருடையது,
குளிர்பெட்டியில்.
அதற்குள் இந்த அறிக்கை போயாக வேண்டும்.

ஒட்டிய நேரம்: நான்கு நிமிடம்.
துளை: இல்லை.
விலகிய நேரம் என்ற கட்டத்தில்
சிறு கோடு ஒன்று போட்டேன்.
ஜன்னலில் வெளிச்சம் வரத்தொடங்கியும்
படத்தை நிறுத்தாமல் உட்கார்ந்திருக்கிறேன்.