முடிச்சு

மாஃபாத் பள்ளத்துக்குச் சாலை கிடையாது.
அரிசி வானத்திலிருந்து வரும்.
எரிவாயு உருளையும் பயணிகளின் பியரும் அப்படியே.
ஒரு வலை, வலைக்கு மேல் கயிறு,
கயிற்றுக்கு மேல் ஹெலிகாப்டர்.
கிலோவுக்கு இவ்வளவு என்கிற ரசீது மட்டும்
சரக்குக்கு முன்னால் இறங்கிவிடும்.

இறங்கியதெல்லாம் திரும்ப ஏறவும் வேண்டும்.
காலி டப்பாவுக்கும் நிறைந்த டப்பாவின் மரியாதை.

என் விடுதியில் பதினாறு கட்டில்.
பச்சை இலைச் சின்னம் கதவில் ஒட்ட வேண்டுமென்றால்
நாற்பத்திரண்டு கேள்விக்குப் பதில் எழுதச் சொன்னார்கள்.
சூரியத் தகடு உண்டா?
உண்டு, மேகம் விடுகிற நாட்களில்.
உலர் கழிப்பறை?
உண்டு. மரத்தூள் போடும்படி
மூன்று மொழியில் எழுதி ஒட்டியிருக்கிறேன்,
மூன்று மொழியிலும் மறந்துபோகிறார்கள்.
உங்கள் குப்பை எங்கே போகிறது?
கட்டம் சின்னது. யோசித்து
"வானத்துக்கு" என்று எழுதினேன்.

அலுவலகத்திலிருந்து பெனெதிக்த் கூப்பிட்டாள்:
வானம் என்று எழுத முடியாது, மதாம் சாமிநாதேன்.
பின்னே என்ன எழுத?
அவளுக்கும் தெரியவில்லை.
கொஞ்ச நேரம் இரண்டு பேரும் கம்பியில் இருந்தோம்.

அன்றைக்குத்தான் சட்டம் போட்டேன்:
அவரவர் குப்பை அவரவர் முதுகில்.
பருப்பு நிறுக்கும் தராசில் நிறுத்து,
நீலப் பையில் கட்டி,
காலை காப்பியோடு நீட்டுவேன்.
லியோனிலிருந்து வந்த ஒருவர்
எண்பது யூரோ கொடுத்தேனே என்றார்.
அவர் மனைவி சிரித்தபடி வாங்கிக்கொண்டாள்.
எழுநூறு கிராம்.
அந்தச் சிரிப்பை நம்பினேன்.

மறுநாள் எனக்குக் கடைவாய்ப் பல் வலி.
கணவாய் ஏறி, பேருந்து பிடித்து,
சேந்த்-ஆந்த்ரேக்குப் போக வேண்டும்.
தாமரேன் காட்டில்
(பேரில்தான் புளி, இலையில் புளிப்பில்லை)
ஒரு வேருக்கடியில் நீலம் தெரிந்தது.
யார் பையோ என்று சொல்லிக்கொள்ள வழியில்லை.
இரட்டைச் சுற்று, வால் உள்பக்கம்:
சௌசௌ கொடியைப் பந்தலில் கட்டுகிற
என் முடிச்சு.

வலியோடு வந்த கோபம் நன்றாகவே வந்தது.
அவளுடைய சிரிப்பை, தொப்பியை,
அந்த ஊரையே திட்டிக்கொண்டு அவிழ்த்தேன்.
உள்ளே ஒரு தண்ணீர் பாட்டில், அவர்களுடையது.
மற்றதெல்லாம் என் மேஜை:
கட்டைவிரல் அளவு ஜாம் டப்பா ஒன்பது,
வெண்ணெய் சுற்றிய வெள்ளித்தாள்,
ஒற்றை ஒற்றையாய் உறை போட்ட பிஸ்கட்டின் உறைகள்.
வானத்துக்குக் காசு கொடுத்து
நானே இறக்கியவை.

திரும்பக் கட்டினேன். அதே முடிச்சு.
பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில்
முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டேன்.
பக்கத்துக் குழந்தை என்னவென்று கேட்டது.
ஜாம், என்றேன்.

பல்லைப் பிடுங்கிய கையோடு லோசாங் கடைக்குப் போய்,
இனிமேல் அந்தக் குட்டி டப்பா வேண்டாம்,
பெரிய ஜாடி போதும் என்று சொன்னேன்.
பாதி வாய் மரத்திருந்தது.
பாதி வாயால் சொன்னதை
அவர் முழுசாய்ப் புரிந்துகொண்டு
தலையாட்டி எழுதிக்கொண்டார்.

வியாழக்கிழமை வலை இறங்கியது.
குட்டி டப்பா, வழக்கத்துக்கு இரண்டு பங்கு.
கூடவே ஒரு பெரிய ஜாடி, காலி,
என்ன நினைத்தாரோ.

திருப்பி அனுப்பினாலும் அதே கிலோ, அதே விலை.
இரவில் தகட்டு விளக்கு மங்கும்வரை
ஒவ்வொன்றாய் உரித்து ஜாடியில் வழிக்கிறேன்.
கொய்யா, அன்னாசி, மறுபடி கொய்யா
எல்லாம் ஒரே நிறமாகிவிட்டது.
காலையில் பயணிகள் கரண்டியால் எடுத்து
வீட்டில் செய்ததா என்று கேட்கிறார்கள்.

ஆமாம் என்றும் சொல்வதில்லை.
இன்னும் நூற்று முப்பது இருக்கிறது.
அந்தக் கட்டத்தை
இன்னும் நிரப்பவில்லை.