பிளக் போட மறந்த இரவு

வின்னிபெக்கில் காருக்கும் படுக்கைநேரம் உண்டு.
மூக்கிலிருந்து தொங்கும் சிறு வயரைச்
சுவரில் செருகிவிட்டுத்தான் நாம் தூங்க வேண்டும்.
இல்லையென்றால் எஞ்சின் எண்ணெய்
விடிவதற்குள் பாகாய் இறுகிவிடும்.

நேற்று மறந்துவிட்டேன்.

மைனஸ் முப்பத்து நான்கு.
சாவியைத் திருப்பினால்
யாரோ தொண்டையைச் செருமுவதுபோல் ஒரு சத்தம்,
பிறகு அதுவுமில்லை.
ஆறு மணிக்கு லேபில் முதல் கை நீளும்.
நாளொன்றுக்கு அறுபது கைகள், அறுபது நரம்புகள்,
அறுபது முறை ‘லேசாகக் குத்தும்’ என்று சொல்லும் அதே வாய்.
பதினோரு வருடமாய் எல்லோருடைய இரத்தத்தையும் எடுத்தேன்.
என்னுடையதை எடுத்தது யாரென்று தெரியவில்லை.

ஞாயிறும் அப்படித்தான்.
ஓய்வுநாள் பாடசாலை என்று பெயர்,
ஓய்வு பெயரில் மட்டும்.
வாடகைக்கு எடுத்த உக்ரேனியக் கோவிலின் நிலவறையில்
நாற்பது நாற்காலி விரிக்க, மடக்க,
பாட்டுத்தாள் நகலெடுக்க, காணிக்கை எண்ண,
போதகர் ஊரில் இல்லாத வாரம் ஜெபம் ஏறெடுக்க.
‘முடியாது’ என்ற சொல்லை
ஞானஸ்நானத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு வந்தவள் நான்.
‘ஞானப்பூ சிஸ்டர், உங்களைத்தான் கர்த்தர் காட்டினார்’ என்பார்கள்.
அவர் வேறு யாரையும் காட்டவே மாட்டாரா
என்று ஒருநாளும் கேட்டதில்லை.

மகன் ஜெடிதியா போன வாரம் கேட்டான்:
‘அம்மா, ஜெபிக்கும்போது ஏன்
கஸ்டமர் சர்வீஸ் குரல்ல பேசுறீங்க?’

பதில் இல்லாமல்
காருக்குள் உட்கார்ந்திருக்கிறேன்.
என் மூச்சு கண்ணாடியில் பனியாய்ப் பூக்கிறது.
அழலாமென்றால் இமை ஒட்டிக்கொள்ளும்.
வாயில் வந்தது ‘போதும்.’
ஒரே சொல்.
ஆமென்கூடச் சேர்க்கவில்லை.

சூரைச்செடியின் கீழ் படுத்தவனும் இதைத்தான் சொன்னான்.
வானத்திலிருந்து அக்கினி இறக்கியவன்,
சில நாளிலேயே சாவு கேட்டான்.
எத்தனை பிரசங்கம் கேட்டிருப்பேன் அவனைப்பற்றி!
அக்கினியைச் சொல்வார்கள், மழையைச் சொல்வார்கள்.
தூதன் வந்து திட்டவில்லை,
புது ஊழியம் எதுவும் தரவில்லை,
தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்துத்
தட்டி எழுப்பினான்,
தின்றதும் மறுபடி தூங்கவிட்டான்.
இதை யாரும் அழுத்திச் சொன்னதில்லை.

ஜன்னலைத் தட்டியவர்
எதிர்வீட்டு ரெய்னால்டோ.
பைஜாமாவின்மேல் பார்கா, தோளில் ஜம்பர் கேபிள்.
இரண்டு முறை முயன்றார். கார் அசையவில்லை.
கேபிளைச் சுருட்டிவிட்டு, தொங்கிய வயரை எடுத்துச்
சுவரில் செருகினார்.
‘நாலு மணி நேரம் ஆகும்.
போய்த் தூங்கு.
சாப்பிட்டாயா?’

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு.
மனுஷர் பயந்துபோனார்.

லேபுக்குப் போன் செய்து வரவில்லை என்றேன்,
காரணம் சொல்லாமல்.
மிஞ்சிய தோசையை உட்கார்ந்து தின்றேன்.
முழங்கால் போடவில்லை. படுத்தேன்.
‘நீர் இருக்கிறீர் அல்லவா’ என்று மட்டும் கேட்ட ஞாபகம்.
பதிலுக்குமுன் தூங்கியிருப்பேன்.

மறுநாள் முதல் கை நீண்டபோது
கைக்குமேல் ஒரு முகம் இருந்தது.
தன் நாய்க்கு இரட்டைக் குட்டி என்றார் அவர்.
என்ன பெயர் என்று கேட்டேன்.
வரிசையில் யாரோ கடிகாரம் பார்த்தார்கள்.
பார்க்கட்டும்.

ஞாயிறு நாற்காலிகளை நான் தொடவில்லை.
அவரவர் விரித்துக்கொண்டார்கள். வரிசை கோணல்.
பாட்டின் நடுவே ஒன்று மடிந்து
பொருளாளர் தவசிங் அண்ணன் தரைக்குப் போனார்.
நானும் மகனும் ஒருவரையொருவர் பார்க்காமலிருக்கப்
பாடுபட்டோம்.
கையில் எந்தத் தாளும் இல்லாமல்
கடைசி வரிசையில் நின்று
தெரிந்த வரிகளை மட்டும் பாடினேன்.
வெளியே, கோவில் சுவரில் செருகிய வயரோடு
கார் சும்மா நின்றுகொண்டிருந்தது.